வெயிலில் வைத்த ரேடியம்

என்றும் என் பிரியத்துக்குரிய உங்களுக்கு,

பெயர் எழுதவில்லை. நாற்பத்தொன்பது வருஷம் பெயர் சொல்லாமலே குடித்தனம் நடத்தியாயிற்று. நீங்கள் போன பிறகு பேப்பரில் அச்சடித்துக் கூப்பிட எனக்கு வரவில்லை. உங்களைத் தெரிந்தவர்களுக்கு இது யாருக்கு எழுதியது என்று இரண்டு பத்தியில் தெரிந்துவிடும்.

வருஷா வருஷம் இந்த நாளில் உங்கள் போட்டோவுக்குக் கீழே நான்கு வரி போடுவார்கள். நம் பிள்ளை மஸ்கட்டிலிருந்து போனிலேயே ஏற்பாடு செய்துவிடுவான். 'ஆறாத் துயருடன்' என்று முடியும். யார் எழுதிய வரி என்று எனக்குத் தெரியாது. போன வருஷம் அதில் ஒரு சந்திப்பிழை வேறு. இந்த வருஷம் அந்த இடத்தோடு இன்னும் கொஞ்சம் இடம் சேர்த்து எனக்குக் கொடுங்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைக்கு விஷயத்தை மட்டும் சொன்னேன். "அம்மா, இது இப்பத் தேவையா?" என்றான். தேவையா என்று உங்களையும் கேட்டிருக்கலாம். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. மேட்டூரில் தண்ணீர் தாமதமாகத் திறந்தார்கள். குறுவை பாதி போயிற்று, சம்பா தேறிவிடும் போலிருக்கிறது. நம் பெரிய களத்தில் இப்போது சர்க்கார் நெல் பிடிக்கிறது. மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். வைக்கோல் போர் ஊரில் ஒன்றுகூட இல்லை. மெஷின் அறுத்துப் போட்டதை இன்னொரு மெஷின் உருண்டை உருண்டையாகச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. வைக்கோல் போர் இல்லாத களத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஏன் என்று உங்களுக்குப் புரியும்.

போன மாதம் தஞ்சாவூர் கண் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பினேன். நீடாமங்கலத்தில் வழக்கம்போல ரயில்வே கேட் போட்டிருந்தது. காருக்குள் புழுக்கம் தாங்காமல் இறங்கினேன். எதிரே ஒரு சிறிய கடை. 'ரேடியம்' என்று பெரிதாக எழுதிய போர்டு. வண்டிக்கு நம்பர், சாமி பெயர், பின்னால் மினுக்கும் சிவப்புப் பட்டை எல்லாம் ஒட்டித் தருகிற கடை. நீங்கள் சிரிப்பீர்கள். நம் ஜனங்கள் மினுக்குகிற எதையும் ரேடியம் என்பார்கள். சைக்கிள் மட்கார்டில் ஒட்டினாலும் ரேடியம், மாட்டுக் கொம்பில் சுற்றினாலும் ரேடியம். எத்தனை பேரைத் திருத்தியிருக்கிறேன். அன்றைக்கும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கத்தரியால் ஒரு பட்டையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இது ரேடியம் இல்லைம்மா," என்றேன். "மேல வெளிச்சம் பட்டாத் திருப்பிக் குடுக்கிற தாள். அவ்வளவுதான். ரேடியம்ங்கிறது ஒரு உலோகம். யார் வெளிச்சமும் அதுக்கு வேண்டாம்."

"தெரியுங்கம்மா. உக்காருங்க," என்றார். "கேட்டு இப்பத் தொறக்காது, ரெண்டு வண்டி போவணும். டீச்சரா இருந்தீங்களா?"

"இல்லை."

"பேச்சு அப்படியே டீச்சரு பேச்சு." நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "போர்டு பேரு எங்கப்பா வச்சதுங்க. பிள்ளையாரு பேரு, மாரியம்மன் பேருன்னு நாங்க சொன்னோம். வேண்டாம், ரேடியம்னு வையின்னுட்டாரு. அந்த ஒத்தச் சொல்லுதான் என்னை ரெண்டு வருசம் உள்ள தள்ளுச்சு, அதையே வச்சு நீங்க சோறு தின்னுங்கன்னாரு."

நான் உட்காரவில்லை. கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா பெயரைக் கேட்டேன், அவர் பெயரையும் கேட்டேன். அவர் பெயர் அஞ்சலை. மாரிமுத்துவின் மகள்.

இந்தக் கடிதத்தை முதல் தடவை எழுதியபோது 'நம் பண்ணையில் வேலை செய்தானே மாரிமுத்து' என்றுதான் கை போயிற்று. அடித்துவிட்டு, 'செய்தாரே' என்று எழுதினேன். இதைப் படிக்கிறவர்களுக்காக அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையில் ஆட்சி மாறிய புதிது. அறுப்புக் கூலியில் அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். மற்றவர்கள் தலை குனிந்து நின்றபோது, துண்டை இடுப்பில் கட்டாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு பேசியவர் மாரிமுத்து. நீங்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து களத்திலேயே தங்க வைத்தீர்கள். வரப்பில் செங்கொடி நின்றது. ஓர் அமாவாசை இரவில் நம் வைக்கோல் போர் எரிந்தது. மாரிமுத்துதான் கொளுத்தினார் என்று கேஸ் ஆயிற்று.

அவர் பக்கத்தில் ஒரே ஒரு சாட்சி இருந்தது. மச்சானை வண்டியேற்ற அன்று நீடாமங்கலம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். வண்டி புறப்பட்டது ஒன்றரைக்கு. அதுவரை அவர் பிளாட்பாரத்தில் இருந்ததை போர்ட்டர் சொல்வதாக இருந்தார். அங்கிருந்து நம் ஊருக்கு நடந்து வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே போர் எத்தனை மணிக்குப் பற்றியது என்பதுதான் கேஸ். ஒரு மணி என்றால் அவர் வீட்டுக்குப் போகலாம். இரண்டே முக்கால் என்றால் ஜெயிலுக்கு.

ஊரில் வாட்ச் கட்டியவர் நீங்கள் ஒருவர்தான். மணி என்றால் அது உங்கள் கையில் இருப்பது. நீங்கள் இரண்டே முக்கால் என்றீர்கள்.

அந்த இரவு மாட்டுக்கொட்டகையில் கன்று கத்தியது. எழுந்தேன். வெளியே கூச்சல். கூடத்துக் கடிகாரம் ஒன்று அடித்தது. பிறகு நான் அதைச் சொன்னபோது, "அரை மணிக்கும் அது ஒண்ணுதான் அடிக்கும்" என்றீர்கள். நான் விளக்கைத் தூண்டி முள்ளைப் பார்த்தேன் என்றேன். "அது முன்னப் பின்ன ஓடும்" என்றீர்கள். ஓடாது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சாவி கொடுத்தவள் நான். ஒரு மணி. நீங்கள் செருப்புகூடப் போடாமல் களத்துக்கு ஓடியது ஒரு மணிக்கு.

"யாரோ ஓடினான். அவன்தான். எனக்குத் தெரியும். மணியில என்ன இருக்கு?" என்றீர்கள். நானும் அப்படியே நம்பினேன் என்று எழுதத்தான் ஆசை. போருக்குப் பக்கத்திலேயே அந்த வெளியூர் ஆட்கள் அடுப்பு மூட்டிச் சமைத்தது எனக்குத் தெரியுமே. உங்களுக்கும் தெரியாதா?

நான் செய்ததை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

அந்த வாட்ச் மாமா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. நம் கல்யாணத்தில் உங்கள் கைக்கு வந்தது. கல்யாணமான மூன்றாம் மாதம், பட்டப்பகலில், காலியாயிருந்த பத்தாயத்துக்குள் என்னை இறங்கச் சொன்னீர்கள். மேல் பலகையை இழுத்து மூடியதும் உள்ளே கும்மிருட்டு. பழைய நெல் வாசனை. உங்கள் கையில் பன்னிரண்டு புள்ளிகளும் இரண்டு முட்களும் மங்கலாகத் தெரிந்தன. நாற்றங்காலில் முதல் வாரம் தெரியுமே, அந்தப் பச்சை. உங்கள் முகம் எனக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

நான் கான்வென்ட்டில் படித்ததை அங்கே ஒப்பித்தேன். சிஸ்டர் ஒரு குடும்பம் மாதிரிதான் தனிமங்களைச் சொல்லிக்கொடுப்பார். கால்சியம், அதற்குக் கீழே ஸ்ட்ரான்ஷியம், பேரியம், கடைசி வீட்டில் ரேடியம். கார மண் உலோகங்கள் என்று பெயர். மற்றவை எல்லாம் சாது. கடைசிப் பிள்ளை மட்டும் உட்கார்ந்த இடத்தில் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருக்கும். வெள்ளியைப் போல வெளுப்பு, காற்றுப் பட்டால் கறுத்துவிடும். தொட்டால் சூடு, யாரும் மூட்டாத சூடு. பாதி தீரவே ஆயிரத்து அறுநூறு வருஷம். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒன் படிப்புக்கு இந்த ஊர்ல வேலையே இல்லையே" என்றீர்கள். கேலியாகத்தான் சொன்னீர்கள். வருத்தமும் இருந்தது. அந்த வருத்தத்துக்காகவே எனக்கு உங்களைப் பிடித்தது.

பத்து வருஷத்தில் அந்தப் பச்சை செத்துவிட்டது. போர் எரிந்த வருஷத்தில், அமாவாசை இருட்டில், அந்த வாட்ச்சில் உங்களால் மணி பார்த்திருக்கவே முடியாது.

சாட்சி சொல்லப் போகிற அன்று காலை காப்பி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டீர்கள். "எதிர்த்தரப்பு வக்கீல் சின்னப் பையன், ஆனா வில்லங்கம் புடிச்சவனாம். இருட்டுல மணி எப்படித் தெரிஞ்சுதும்பான். ரேடியம்னு சொல்லிடலாம். காட்டுன்னு சொன்னா? இது ஏன் மங்கிப்போச்சு? ஒங்க சிஸ்டர் சொல்லலியா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். பத்து வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் ஒருவர் பாடம் கேட்கிறார். சொன்னேன். ரேடியம் அணையவில்லை, அது இன்னும் உள்ளே எரிகிறது. ஆனால் வெளிச்சம் தருவது ரேடியம் இல்லை. அதோடு குழைத்துப் பூசிய துத்தநாகப் பொடிதான். ரேடியம் ஓயாமல் அடிக்கிற அடியில் அந்தப் பொடி சில வருஷத்தில் ஓய்ந்துபோகும். அடிக்கிறவன் இருக்கிறான், அழுகிறவன்தான் செத்துவிட்டான் என்று சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நல்ல வெயில்ல வச்சு எடுத்து உடனே இருட்டுல பாத்தா, அஞ்சு பத்து நிமிஷம் மினுக்கும்," என்றேன்.

நானே அதை வாங்கித் துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, முகம் சூரியனைப் பார்க்கிற மாதிரி.

மீதியை நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். கார் ஜன்னலுக்கு வெளியே வழி நெடுக இடது கையை நீட்டிக்கொண்டே போனீர்களாம். கோர்ட் வாசலில் எல்லாரும் "நெழல்ல நில்லுங்க" என்று கூப்பிட, கூண்டுக்குக் கூப்பிடும் வரை வெயிலிலேயே நின்றீர்களாம். அனல் காற்றுக்காக உள்ளே ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்களாம். வக்கீல் கேட்டே விட்டார். மாஜிஸ்ட்ரேட் வாட்ச்சை வாங்கி, மேஜை டிராயருக்குள் வைத்து, பாதி தலையை உள்ளே விட்டுப் பார்த்து, "மினுங்குகிறது" என்று எழுதிக்கொண்டாராம். டிராயருக்குள் ஒரு மாஜிஸ்ட்ரேட்டின் தலை போன கதையைச் சொல்லிச் சொல்லி நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இரண்டு வருஷம் என்று தீர்ப்பான அன்று இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

நான் படித்த வேதியியல் என் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டது. இதற்குத்தான்.

அவர் உள்ளே இருந்தபோதுதான் சர்க்கார் சட்டம் வந்தது. குடியிருக்கிறவர்களுக்கே மனைக்கட்டு என்று பட்டா எழுதத் தாசில்தார் ஆட்கள் தெருத் தெருவாக வந்தார்கள். மாரிமுத்துவின் குடிசை பூட்டிக் கிடந்தது. மனைவி பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அந்த மனை இன்றும் நம் பட்டாவில்தான் இருக்கிறது. கருவேல் முளைத்துக் கிடக்கிறது. விடுதலையாகி வந்தவர் ஊருக்குள் வராமல் நீடாமங்கலத்திலேயே மூட்டை தூக்கப் போய்விட்டார்.

சிஸ்டர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். வெளிநாட்டில் வாட்ச் முகத்துக்கு ரேடியம் பூசிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவார்களாம். உள்ளே போன ரேடியத்தை எலும்பு தடுக்காதாம். எலும்புக்குக் கால்சியம் தெரியும். இதுவும் அதே குடும்பத்து முகஜாடை. நம்மவர்தான் என்று உள்ளே விட்டு உட்கார வைத்துக்கொள்ளுமாம். அது உட்கார்ந்த இடத்திலிருந்தே எலும்பைத் தின்னும். வகுப்பில் அன்று யாரும் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. எனக்கு இப்போது முழங்காலிலும் இடுப்பிலும் வலி. வயசு என்கிறார் டாக்டர். சரி என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் படுக்கையில் இருந்த கடைசி வாரம் ஞாபகம் இருக்கிறதா? மத்தியான வெயில் கண்ணில் படாமல் இருக்கத் திரையை இழுத்து விட்டிருந்தேன். வாட்ச் இல்லாத கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, "மணி தெரியலையே" என்றீர்கள். யாரிடம் சொன்னீர்கள்? என்னிடமா? அந்த வக்கீலிடமா? "தெரியாது, கைய மடக்கிக்குங்க," என்றேன். பிறகு மூன்று நாள் அதையேதான் சொன்னீர்கள்.

கடைக்கு வருகிறேன். முதல் ரயில் போய்விட்டது. கேட் திறக்கவில்லை. அஞ்சலைக்கு நான் யார் என்று தெரியாது.

"அம்மா, படிச்சவங்களா இருக்கீங்க, ஒண்ணு கேக்கலாமா?" என்றார். "எங்கப்பாவுக்கு இப்பக் கண்ணு சுத்தமாத் தெரியல. காது மட்டும் பாம்புக் காது. படிச்சவங்க யாரு கடைக்கி வந்தாலும் இதக் கேட்டு வையின்னு உசிர வாங்குவாரு. அந்த மிராசுதாரு கட்டியிருந்தது ரேடியம் வாட்ச்சாம். ரேடியம் நெசமாவே அணையாதுங்களா?"

"ஏன் கேக்கிறார்?"

"தீ ஒரு மணிக்கே புடிச்சிட்டுன்னு ஊரே பாத்துதாம். அந்தாளு மட்டும் ரெண்டே முக்கான்னுட்டாரு. அப்ப அந்த வாட்ச்சு பொய் சொல்லணும், இல்லாட்டி அந்தாளு பொய் சொல்லணும். எம் மவன் போன்ல பாத்துட்டு ஆயிரத்தறநூறு வருசம் இருக்கும் தாத்தான்னான். அன்னைக்கு ராத்திரி அவரு சாப்புடல. காலேஜி வாத்தியாரு ஒருத்தரு வந்தாரு, அவரும் அதையேதான் சொன்னாரு. எங்கப்பா கொளுத்தலைங்க. ஆனா இன்னும் எங்களப் போர்கொளுத்தி வூடுன்னுதான் சொல்லுவாங்க. எம் மவளப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட அத விசாரிச்சிட்டுத்தான் போனாங்க."

உலகத்தில் யாரைக் கேட்டாலும் அவருக்குச் சரியான பதில்தான் கிடைத்திருக்கிறது. அந்தச் சரியான பதில்தான் அவரைத் திரும்பத் திரும்பப் பொய்யராக்கியிருக்கிறது. பொடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கல்லின் மேல் வெயிலில் வைத்ததைப் பற்றிச் சொல்ல ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாள். அவள் எதிரே நிற்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ரேடியம் அணையாதும்மா," என்றேன்.

பிழை இல்லாத வாக்கியம். சிஸ்டர் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

அஞ்சலை தலையை ஆட்டினார். "அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க," என்றார். அப்புறம் என் கைத்தடியைப் பார்த்துவிட்டு, "இருங்கம்மா, ரோட்டுல நடக்குறீங்க, வண்டிக்காரன் பாக்க மாட்டான்," என்று ஒரு சிவப்புப் பட்டையை வெட்டித் தடியின் கீழ்ப்பக்கம் சுற்றி ஒட்டினார். பர்ஸை எடுத்தேன். "போங்கம்மா, துண்டு வேஸ்ட்டுதான்," என்று வாங்க மறுத்துவிட்டார். கேட் திறந்தது. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தது. நான் காரில் ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்து தடி என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் சாய்ந்திருக்கிறது. நம் வீட்டு வழியாக இப்போது பைபாஸுக்குப் போகிற லாரிகள். ஒவ்வொரு லாரியின் விளக்கும் ஜன்னல் வழியே அறைக்குள் வந்து போகும். அப்போது அந்தப் பட்டை சடாரென்று சிவந்து என்னைப் பார்க்கும். லாரி போனதும் அணையும். அடுத்ததற்குக் காத்திருப்பேன். தடியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன்; சுற்றி ஒட்டியிருக்கிறார், எப்படித் திருப்பினாலும் பார்க்கிறது. பீரோவுக்குள் டப்பியில் உங்கள் வாட்ச் இருக்கிறது. வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. உள்ளே மட்டும் நீங்கள் இருந்தபோது எப்படியோ அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. நான் போன பிறகும் நடக்கும். நம் பேரனுக்குப் பேரன் போன பிறகும்.

அன்று கோர்ட்டில் மினுக்கியது ரேடியமே இல்லை, தெரியுமா? வேறெங்கிருந்தோ வாங்கிய வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது, இந்தப் பட்டை மாதிரி. போர்டைத் திருத்தப் போன நான்தான் நாட்டிலேயே முதல் போலி ரேடியம் செய்தவள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். வீட்டில் யாராவது இருமினால் நீங்களோ என்று இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன். உங்கள் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நீங்கள் போன பிறகும் பதினொரு வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நீடாமங்கலத்தில் அந்தக் கடையில் நின்றபோதுதான் தெரிந்தது, நான் காப்பாற்றியது என்னை.

வருகிற வெள்ளிக்கிழமை போகிறேன். மனைக்கட்டைப் பற்றி அன்று பேசமாட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேரம் பேச வந்த மாதிரி இருக்கும். முதலில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில். அவருக்குக் கண் தெரியாது. வாட்ச்சைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. இன்னார் பெண்சாதி வந்திருக்கிறேன் என்று சொல்வேன். 'மாரிமுத்து அய்யா' என்றுதான் கூப்பிடப்போகிறேன். வாய் பழகட்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். அன்றைக்கு அந்த வாட்ச் இருட்டில் தெரியவில்லை, வெயிலில் வைத்தது நான், கூடத்துக் கடிகாரத்தில் நான் பார்த்தபோது மணி ஒன்று. இந்த மூன்றையும் சொல்வேன். அவர் கேட்கும் வரை திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர் என்னை வெளியே போகச் சொன்னால் போவேன். போகும்போது அஞ்சலை கடை வாசலில் நின்று, கேட்டில் காத்திருக்கிறவர்கள் காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்வேன். அதற்காகத்தான் கேட் போட்டிருக்கிற நேரமாகப் பார்த்துப் போகிறேன்.

வந்து உங்களிடம் சொல்கிறேன். மணி என்ன ஆயிற்று என்று கேட்டால், இனி சரியாகச் சொல்வேன்.

கூடத்துக் கடிகாரத்துக்கு இன்னும் வெள்ளிதோறும் சாவி கொடுக்கிற,
உங்கள் மனைவி
லோகாம்பாள்